வைகறை அமைதியின் பொழுதன்று

கடந்த மார்கழியில், ஒளிப்பட ஆர்வலர்களான நண்பர்கள் சிலருடன் வடக்கனந்தலை அடுத்துக் கோமுகி ஆற்றங்கரையில் நின்றிருந்தோம். கதிரவன் எழ இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. மேற்கே கல்வராயன் மலை, அதன் முகட்டின்மேல் நீலமும் இளஞ்சிவப்பும் கலந்த மெல்லிய பட்டை, தண்ணீரின்மேல் பனிமூட்டம். முக்காலிகள் ஊன்றப்பட்டுவிட்டன. அப்போது கரும்பு வெட்டச் செல்லும் பெண்கள் நால்வர் ஆற்றில் இறங்கினர்.

"கொஞ்சம் தள்ளிப் போங்கம்மா, படத்துல விழறீங்க" என்றார் நண்பர்.

"எங்க சார் தள்ளிப் போறது? வழியே இதுதானே" என்றார் அவர்களுள் மூத்தவர்.

அவர்கள் அக்கரை ஏறும்வரை பொறுமையாகக் காத்திருந்து நண்பர் படமெடுத்தார். படம் அழகாகவே இருந்தது. அந்த அழகின் மீதுதான் நமது வழக்கு.

விடியலுக்கு முந்தைய ஆறு என்றால் இன்று ஒரே வகைப் படம்தான் எங்கும் காணக் கிடைக்கிறது. நீர் பட்டுத் துணிபோல் நழுவும். பனி பாலாய்ப் படர்ந்திருக்கும். மனித வாடையே இராது. நாட்காட்டிகளும் போட்டிகளும் இதனையே 'இயற்கை' என்று கொண்டாடுகின்றன. இது இயற்கையன்று, ஒரு தொழில்நுட்பத் தேர்வின் விளைவு. ஐஎஸ்ஓ 100, துளை எஃப் 11 என்று வைத்துக்கொண்டால் அந்த மங்கிய ஒளியில் 30 விநாடிவரை மூடி திறந்திருக்க வேண்டும். நடந்து செல்லும் ஒருவர் சட்டகத்தின் ஒரு புள்ளியை மறைப்பது ஏறத்தாழ அரை விநாடிதான். மொத்த நேரத்தில் அறுபதில் ஒரு பங்கு. அவர் பதிவாகவே மாட்டார். அந்தப் பெண்கள் விலகாதிருந்தாலும் கருவியே அவர்களைத் துடைத்திருக்கும்.

இது ஒளிப்படத்தின் பிறவிக் குணம். 1838இல் பாரிசின் தெம்ப்ள் பெருஞ்சாலையைத் தாகேர் படமெடுத்தபோது, வண்டிகளும் மக்களும் நிறைந்த அச்சாலை வெறிச்சோடிக் காட்சியளித்தது. காலணிக்கு மெருகேற்றிக்கொள்ள அசையாமல் நின்ற ஒருவர் மட்டும் தெளிவாகத் தப்பிப் பிழைத்தார். தாகேருக்கு வேறு வழியில்லை. நமக்கு உண்டு. அதே ஒளியில் ஐஎஸ்ஓவை 6400க்கு உயர்த்தித் துளையை எஃப் 2.8க்குத் திறந்தால், முப்பதில் ஒரு விநாடியே போதும். படத்தில் சற்றுப் பொரிப்புள்ளிகள் தெரியும்; நடப்பவரின் கால் கொஞ்சம் கலங்கும்; ஆனால் ஆள் இருப்பார். 'ஒளி போதவில்லை' என்ற சாக்கு இன்று செல்லாது.

'ஆளில்லா நிலக்காட்சி ஓர் உலக மரபல்லவா?' என்று கேட்கப்படும். மரபுதான்; அது எங்கிருந்து வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். அமெரிக்காவின் யோசெமிட்டி பள்ளத்தாக்கிலிருந்து அதன் பூர்வகுடிகளை 1851இல் மரிபோசா படை விரட்டியது. அடுத்த நூற்றாண்டில் ஆன்சல் ஆடம்ஸ் அதே பள்ளத்தாக்கை மனிதச் சுவடற்ற தூய வெளியாகப் படம்பிடித்தார். அவரது மேதைமையை நாம் மறுக்கவில்லை. அந்த வெறுமை தானாக உண்டானதல்ல என்று மட்டுமே சொல்கிறோம். மறுபுறம், கங்கையைப் பல்லாண்டுகள் படமெடுத்த ரகுபீர் சிங், மக்களை விலக்கி ஆற்றைக் காண முயன்றதில்லை. நம் இளைஞர்கள் முன்னவரைப் படிக்கும் அளவுக்குப் பின்னவரைப் படிப்பதில்லை.

நம் மரபோ இதில் இன்னும் கறாரானது. தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்கிறது. ஆயினும் அதோடு நின்றுவிடுவதில்லை. கருவும் உரியும் சேர்ந்தால்தான் அது திணை. வைகறையும் விடியலும் மருதத்துக்குரிய பொழுதுகள். மருதத்தின் உரிப்பொருள் என்ன? ஊடல். இரவெல்லாம் பரத்தையிடம் இருந்துவிட்டு விடியலில் வீடு திரும்பும் தலைவனுக்கு வாயில் மறுக்கப்படும் நேரம் அது. ஆற்றங்கரை வைகறையை அமைதியின் பொழுதாக அல்ல, கணக்குக் கேட்கும் பொழுதாகவே நம் முன்னோர் கண்டனர். குறிஞ்சியிலிருந்து மருதத்துக்குக் கோமுகி இறங்கும் இடம் இந்த வடக்கனந்தல் பக்கம். இங்கு நின்றுகொண்டு நாம் முதற்பொருளை மட்டும் படமெடுத்துத் திரும்புகிறோம். தமிழாசிரியர்களாகிய நமக்கும் இதில் பங்குண்டு. திணையைக் கரும்பலகையில் அட்டவணையாக எழுதிப் போட்டோமே தவிர, பக்கத்து ஆற்றில் அதைப் பார்க்கக் கற்றுத் தந்தோமில்லை.

கணக்குக் கேட்க இந்த ஆற்றங்கரையில் என்ன இருக்கிறது? படத்தின் பின்னணியில் நீலமாய்த் துயிலும் கல்வராயன் மலை, ஜாகீர்தார்களின் பிடியிலிருந்து அரசின் நேரடி நிர்வாகத்துக்கு வந்ததே 1976இல்தான். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 60க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. இறந்தோரில் பலரின் உடல்கள் இதே கோமுகியின் கரையில் வரிசையாக எரியூட்டப்பட்டன. அதற்குப் பின்னரே, கல்வராயன் மலைமக்களின் வாழ்நிலை குறித்துச் சென்னை உயர் நீதிமன்றம் தாமாக முன்வந்து வழக்கை விசாரிக்கத் தொடங்கியது. அந்தச் சிதைகளின் படங்கள் செய்தித்தாளுக்கும், பனிமூட்டப் படங்கள் கண்காட்சிக்கும் என்று நாம் பிரித்து வைத்திருக்கிறோம். இரண்டும் ஒரே ஆறு என்று சொல்லும் ஒரு படத்தை நாம் இன்னும் காணவில்லை.

ஒவ்வொரு ஆற்றுப் படத்திலும் துயரத்தைத் திணியுங்கள் என்று கேட்கவில்லை. துயரத்தைத் தேடி அலையும் ஒளிப்படமும் ஒரு வகைச் சுரண்டலே. நாம் கேட்பது மிகச் சிறிது. ஆற்றில் இறங்கி வருபவரை விலகச் சொல்லாதீர்கள். அவர் போகட்டும் என்று காத்திருக்காதீர்கள். மூடி திறந்திருக்கும் நேரத்தைக் குறையுங்கள். தண்ணீர் பட்டாக நழுவாமல் தண்ணீராகவே தெரியும்; அதனால் படம் கெட்டுவிடாது.

நண்பரின் படம் இப்போது எம்மிடம் ஒரு பிரதி இருக்கிறது. அதில் மலை இருக்கிறது, பனி இருக்கிறது, ஆறு இருக்கிறது. அந்த மூத்த பெண் சொன்ன வழி மட்டும் இல்லை.