பிரதி இல்லாத கணக்கு

கூட்டுறவு இயக்கத்தின் உயிர் அதன் கணக்கில் இருக்கிறது. பங்குத் தொகை, நூல் வழங்கியது, துணி வரவு, கூலிப் பட்டுவாடா, பயிர்க்கடன், தவணை ஆகிய அனைத்தும் ஏட்டில் நின்றால்தான் உறுப்பினரின் உரிமையும் நிற்கும். அந்த ஏடு இன்று கணிப்பொறிக்குள் குடிபுகுந்து வருகிறது. 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணிப்பொறிமயமாக்க, ரூ. 2,516 கோடித் திட்டத்திற்கு மத்திய அமைச்சரவை 2022 ஜூனில் ஒப்புதல் அளித்தது. நம் இல்லங்களிலும், பிள்ளைகளின் படிப்புக்கென வாங்கிய கணிப்பொறியிலேயே தறிக்கூலியும் முந்திரித் தோப்பு வரவு செலவும் எழுதப்படுகின்றன. இம்மாற்றம் வரவேற்கத்தக்கதே. எனினும், ஒரே யந்திரத்தில் மட்டும் இருக்கும் கணக்கு கணக்கே ஆகாது என்பது நமது உறுதியான கருத்து.

இது நமக்குப் புதிய பாடமன்று. பனையோலையின் ஆயுள் குறுகியது என்றறிந்த நம் முன்னோர், பழைய ஏட்டைப் பார்த்துப் புதிய ஏடு எழுதி வைத்தனர். டாக்டர் உ. வே. சாமிநாதையர் பல ஊர்களில் தேடிய பிரதிகளை ஒப்புநோக்கியே 1887-இல் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்தார். பிரதி இருந்த நூல் பிழைத்தது. இல்லாதது செல்லுக்கும் தீக்கும் இரையாயிற்று.

அபாயங்கள் எவை? முதலாவது, இயற்கை. 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்த தானே புயல், நம் மாவட்டத்தின் முந்திரியையும் பலாவையும் சாய்த்தது. மின் கம்பங்களையும் சாய்த்தது. கூரை ஒழுகிய வீட்டில் யந்திரம் மட்டும் தப்புமா? இரண்டாவது, திருட்டு நிரல். அது கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும். 2024 ஜூலை இறுதியில் இத்தகைய தாக்குதல் ஒரு தொழில்நுட்ப நிறுவனத்தைத் தாக்கியபோது, அதனை நம்பியிருந்த சுமார் 300 சிறு வங்கிகளின் பணப் பரிமாற்றம் தடைப்பட்டது. அவற்றுள் கூட்டுறவு வங்கிகளும் இருந்தன. மூன்றாவது, அலட்சியம். தென்கொரிய அரசின் தேஜான் தரவு மையத்தில் 2025 செப்டம்பர் 26 அன்று தீப்பற்றியது. அரசு ஊழியர் கோப்புகளைச் சேர்த்து வைத்திருந்த ஓர் அமைப்பு முற்றிலும் அழிந்தது. அளவு மிகப் பெரிது என்பதால் அதற்கு வெளியே பிரதி வைக்கப்படவில்லை. வளம் மிக்க நாட்டுக்கே இக்கதி எனில், நாம் எம்மாத்திரம்!

யந்திரம் பழுதுற்றால் செய்யவேண்டியதும் அறியத்தக்கது. பதற்றத்தில் விண்டோஸை உடனே புதிதாக நிறுவிவிடலாகாது. பழைய சுழல் வகை ஹார்டு டிஸ்கில், அழித்த கோப்பு அதன் மேல் வேறொன்று எழுதப்படும் வரை பெரும்பாலும் எஞ்சியிருக்கும்; புதிய எஸ்.எஸ்.டி. வகையில் அது விரைவில் மறைந்துவிடும். ஆகவே அதில் எதையும் எழுதாது நிறுத்தி, அதனைக் கழற்றி வேறொரு கணிப்பொறியில் இணைத்துக் கோப்புகளை முதலில் நகலெடுக்க வேண்டும். பிறகே சீரமைப்பு. டிஸ்கில் ‘டக், டக்’ என்ற ஒலி கேட்டால் மறுபடி மறுபடி இயக்காமல் தேர்ந்தவரிடம் ஒப்படைப்பதே அறிவுடைமை.

இவ்வளவு இடர்ப்பாடும் பிரதி இருந்தால் இல்லை. எளிய விதி ஒன்றுண்டு. கணக்குக்கு மூன்று பிரதிகள் வேண்டும். அவை இருவகைச் சாதனங்களில் இருக்க வேண்டும். ஒன்றேனும் வேறிடத்தில் இருக்க வேண்டும். யந்திரத்தில் உள்ளது ஒன்று. வெளி ஹார்டு டிஸ்கில் ஒன்று. வேற்றூர் உறவினர் வீட்டிலோ இணையச் சேமிப்பிலோ ஒன்று. நகலெடுத்ததும் வெளி டிஸ்கைக் கழற்றிவிட வேண்டும். இணைத்தே வைத்தால் திருட்டு நிரல் அதனையும் பூட்டிவிடும்.

“இணையத்தில் தானே ஏறிவிடுகிறதே, போதாதா?” என்பர் சிலர். ஒத்திசைவு வேறு, பிரதி வேறு. இங்கே தவறி அழித்தால் அங்கேயும் அழியக்கூடும். “எங்களிடம் தாள் இருக்கிறது” என்பர் வேறு சிலர். தாளும் இருக்கட்டும், ஆயின் அதுவும் அதே அறையில், அதே அலமாரியில் இருந்தால் பயனென்ன?

நெய்வேலிச் சுரங்கத்தை அறிந்தவர்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை. நிலக்கரிப் படுகைக்குக் கீழே நீர் பேரழுத்தத்துடன் உந்தி நிற்கிறது. நேற்று இறைத்தோம், இன்று ஓய்வோம் என்று பம்புகளை நிறுத்திவிட இயலாது. பிரதி எடுப்பதும் அத்தகைய நித்தியக் கடமையே. ஆண்டுக்கொரு முறை எடுத்த பிரதி, பதினொரு மாதக் கூலிக் கணக்கைக் காக்காது.

ஆகவே சங்கங்களுக்கு நாம் விடுக்கும் வேண்டுகோள் மூன்று. வாரந்தோறும் பிரதி எடுக்கும் பொறுப்பைப் பெயர் குறித்து ஒருவரிடம் ஒப்படையுங்கள். ஆண்டுக்கு இருமுறையேனும் அப்பிரதியை வேறொரு யந்திரத்தில் திறந்து, நான்கு உறுப்பினர் கணக்கைச் சரிபாருங்கள். திறந்து பாராத பிரதி, கரை தொடாத தோணி. இச்செயலைப் பேரவைக் கூட்டத்தில் தணிக்கை அறிக்கையுடன் சேர்த்து வாசியுங்கள்.

வெளி டிஸ்கின் விலையைச் செலவென்று கருதும் நிர்வாகிகள் ஒன்றை நினைக்க வேண்டும். அதனுள் இருக்கப்போவது கைம்பெண் ஒருத்தியின் சேமிப்பு. முதிய நெசவாளரின் உரிமை. கடனை அடைத்துத் தீர்த்த குடியானவரின் சான்று. கணக்கு அழிந்தால், கொடுத்தவன் கொடுக்கவில்லை என்றாகிவிடும். அந்த அநீதி நம் சங்கங்களில் நிகழலாகாது.