குரும்பை கொட்டுவது செல்போன் கோபுரத்தாலா?

பொள்ளாச்சிப் பக்கம் தோட்டம் பார்க்கச் செல்லும்போது தென்னை விவசாயிகள் என்னிடம் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "பக்கத்துக் காட்டில் செல்போன் கோபுரம் வந்த பிறகுதான் குரும்பை கொட்டுகிறது. அதன் கதிர் மரத்தைக் கெடுக்குமா, ஐயா?" இதனால் பங்காளிகளுக்குள் பேச்சு நின்றுபோன இடங்களையும் கண்டிருக்கிறேன்.

எல்லாவற்றையும் 'கதிர்' என்ற ஒரே சொல்லால் குறிப்பதே குழப்பத்திற்குக் காரணம். எக்ஸ் கதிரும் காமாக் கதிரும் உயிரணுவின் மரபுப் பொருளையே உடைக்க வல்லவை. ட்ராம்பே நிலக்கடலை ரகங்கள் உருவானது எக்ஸ் கதிர் உண்டாக்கிய மாற்றத்தைக் கொண்டுதான். கோபுரம் வெளியிடும் நுண்ணலை அந்த இனம் அன்று. மூலக்கூறுகளின் பிணைப்பை உடைக்கும் வலு அதற்கு இல்லை.

நுண்ணலை உயிரணுவிலுள்ள நீரின் மூலக்கூறுகளைப் புரட்டுகிறது. அதனால் சூடு உண்டாகிறது. சூடு மிகுந்தால் முட்டையின் வெள்ளைக்கரு இறுகுவது போலப் புரதம் உறையும். உயிரணுவின் சவ்வு சிதையும். நுண்ணலை அடுப்பில் நடப்பது இதுவே. அங்கே ஆற்றல் முழுவதும் ஒரு பெட்டிக்குள் அடைபடுகிறது. கோபுரத்தின் அலையோ வெட்டவெளியில் பரவி, தூரம் இரு மடங்கானால் நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. தோப்புக்கு வந்து சேருவது மரத்தைச் சூடாக்கப் போதாது.

சூடேறாமலே வேறு தீங்கு உண்டா என்ற ஆராய்ச்சியும் நடக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2011-ல் இவ்வலைகளை ஐயப் பட்டியலில் சேர்த்தது. நம் அரசு 2012-ல் கோபுரங்களுக்கான அளவைப் பன்னாட்டு வரம்பில் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தது. இந்த எச்சரிக்கை நல்லதே. வீட்டருகே கோபுரம் உள்ளவர்கள் அலையின் அளவைச் சோதித்துக் காட்டும்படி கேட்பதில் தவறில்லை.

ஆனால் பழியைக் கோபுரத்தின் மேல் போட்டுவிட்டு, 'இனி உரம் வைத்து என்ன பயன்' என்று இருந்துவிடுவதுதான் வேதனை. போரான் சத்துக் குறைவு, கோடை வறட்சி, மகரந்தச் சேர்க்கைக் குறைவு, 1998-ல் கேரளத்தில் தலைகாட்டி நம் பகுதிக்கும் பரவிய ஈரியோபைட் சிலந்தி ஆகியவை குரும்பையைக் கொட்டச் செய்யும். காய்க்கும் மரம் ஒன்றுக்கு ஆண்டுக்குத் தொழு உரம் 50 கிலோ, யூரியா 1.3 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 2 கிலோ, பொட்டாஷ் 2 கிலோ என இரு தவணையாக இட வேண்டும். தென்னை டானிக்கை 200 மில்லி வீதம் ஆறு மாதத்திற்கு ஒரு முறை வேர் மூலம் கட்டலாம்.

கோபுரத்தை அண்ணாந்து பார்க்குமுன் விழுந்த குரும்பை ஒன்றை எடுத்து, தொட்டை நீக்கிப் பாருங்கள். காரணம் பெரும்பாலும் தோட்டத்திற்குள்ளேயே இருக்கும்.