மறித்த மனிதர்

குத்துச்சண்டையை நான் முதன்முதலாகப் பார்த்தது 1982இல், எனது எட்டாவது வயதில். யாழ்ப்பாணத்தில் எங்கள் ஒழுங்கைக்கு வாடகைக்கு வரும் வீடியோ டெக்கில் வழக்கமாக விடியும்வரை தமிழ்ப் படங்களே ஓடும். அன்று மாமா கொண்டுவந்த கசெற்றுகளில் ஒன்று, 1975 ஒக்டோபர் முதலாம் திகதி பிலிப்பைன்ஸில் முகம்மது அலியும் ஜோ பிரேசியரும் மோதிய போட்டி.

கூடத்தில் இருந்த ஆண்கள் எல்லோரும் அலியின் பக்கம். வியட்நாம் போருக்குப் போக மறுத்து, 1967இல் பட்டத்தை இழந்து, மூன்று ஆண்டுகளுக்கு மேலாக மேடையேற முடியாமல் இருந்தவர் அவர் என்பது அவர்களுக்குத் தெரியும். எனக்கு எதுவும் தெரியாது. மாமா கத்தியபோது நானும் கத்தினேன்.

பதினான்காவது சுற்றில் பிரேசியரின் வலது கண் வீங்கி மூடியிருந்தது. அவரது இடது கண்ணில் முன்னரே பார்வை குறைவு என்பதைப் பல ஆண்டுகள் கழித்தே நான் வாசித்தேன். தன்னை நோக்கி வரும் கையைக் காணாமலே அவர் அடி வாங்கிக்கொண்டிருந்தார்.

"இதை ஆரும் மறிக்க மாட்டினமோ?" என்று கேட்டார், கதவடியில் பாக்கு வெட்டிக்கொண்டிருந்த அம்மம்மா. ஒருவரும் பதில் சொல்லவில்லை.

மறித்தவர் பிரேசியரின் பயிற்சியாளர் எடி ஃபட்ச். எஞ்சியிருந்தது ஒரேயொரு சுற்று. பிரேசியர் எழுந்து செல்லத் துடித்தார், ஃபட்ச் விடவில்லை. அலி வென்றார். ஆயினும் எங்கள் கூடத்தில் ஏமாற்றமே மிஞ்சியது. கடைசிச் சுற்றைக் கெடுத்துவிட்டான் என்று அந்த மனிதரைத் திட்டினார்கள். நானும் திட்டினேன்.

அதே ஆண்டு நவம்பரில் அமெரிக்காவின் லாஸ் வேகாஸில் தென்கொரிய வீரர் கிம் டுக்-கூ, ரே மன்சினியுடன் மோதினார். அங்கும் பதினான்காவது சுற்றுத்தான். நடுவர் நிறுத்தியபோது காலம் கடந்திருந்தது. சில நாட்களில் கிம் இறந்தார். அதன் பின்னரே பட்டப் போட்டிகள் பதினைந்து சுற்றுகளிலிருந்து பன்னிரண்டாகக் குறையத் தொடங்கின.

அலியின் மருத்துவர் ஃபெர்டி பச்சேகோ, ஓய்வுபெறுமாறு தாம் கூறியதை எவரும் செவிமடுக்காததால் 1977இல் விலகிச் சென்றார். அதன் பின்னர் அலி நான்கு முறை மேடையேறி, மூன்றில் தோற்றார். 1984இல் அவருக்கு நடுக்குவாத நோய் என அறிவிக்கப்பட்டது. அடிகள்தான் அந்நோய்க்குக் காரணமா என்பதில் மருத்துவர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. ஆனால் அந்த நான்கு போட்டிகளுக்கும் பார்வையாளர்கள் இருந்தார்கள் என்பதில் எவருக்கும் ஐயமில்லை.

விரும்பித்தானே மேடையேறுகிறார்கள் என்று சிலர் கேட்கக்கூடும். உண்மைதான். ஆயினும் தலையில் அடி வாங்கிக்கொண்டிருப்பவனால் தன் நிலையை எடைபோட முடியாது. அதனால்தான் போட்டியைக் கைவிடும் உரிமை அவனது பயிற்சியாளருக்கும் உண்டு. அந்த உரிமையைப் பயன்படுத்துபவரை நாம் கோழை என்கிறோம். பயன்படுத்தாதவரைப் பற்றிப் பேசுவதே இல்லை.

பத்திரிகையில் விளையாட்டுப் பக்கத்தைப் பார்த்த காலத்தில், 'இறுதிவரை போராடினார்' என்று நானே எத்தனையோ தலைப்புகள் இட்டிருக்கிறேன். 'தக்க தருணத்தில் நிறுத்தினார்' என்று ஒருமுறைகூட இட்டதில்லை.

அம்மம்மாவுக்குக் குத்துச்சண்டையின் விதி ஒன்றும் தெரியாது. அன்று அந்தக் கூடத்தில் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டவர் அவர் ஒருவர்தான்.