சோபாவா... சால்னாவா? ஒரு வீட்டுப் பஞ்சாயத்து!

போன வாரம் அரியர் பத்தி எழுதினாலும் எழுதினேன், 'முதல்ல நீ க்ளியர் பண்ணிட்டியா?'ன்னு கேட்டே ஆளை காலி பண்ணிட்டீங்க. அதனால இந்த வாரம் படிப்பு பத்தி மூச்சு விடப்போறதில்லை. நடுவுல கொஞ்சூண்டு மெக்கானிக்ஸ் மட்டும் வரும். பொறுத்துக்கோங்க!

இந்த வார மேட்டர்... பூனை. எங்க வீட்டுப் பூனை பேரு சால்னா. பிரானூர் பார்டர்ல பரோட்டா மேல ஊத்துவாங்களே, அதே கலர். ஊரு இலத்தூர். தென்காசிப் பக்கம் வந்து குற்றாலத்துல குளிச்சுட்டுப் போனவங்களுக்கு 'இலத்தூர் விலக்கு' போர்டு கண்ணுல பட்டிருக்கும்.

செமஸ்டர் லீவுக்கு வீட்டுக்குப் போனா, வாசல்லயே பஞ்சாயத்து. அப்பா தவணையில வாங்கின புது சோபாவோட வலது கைப்பிடியை சால்னா பிறாண்டி, உள்ள இருக்கிற பஞ்சை வெளியே எட்டிப் பார்க்க வெச்சிருக்கு. சீசன் டைம் வேற. ஜூன் மாசம் சாரல் ஆரம்பிச்சா சால்னா கொல்லைப்பக்கம் காலெடுத்து வைக்காது. முழு நேரமும் வீட்டுக்குள்ளதான். முழு நேரமும் சோபாதான்!

''ஞாயித்துக்கிழம வர டைம். பொறவும் பிறாண்டுச்சு, சாக்குல கட்டி புளியரை தாண்டி விட்டுட்டு வந்துருவேன்''னு அப்பா தீர்ப்பு சொல்லிட்டார்.

நிறைய பேருக்கு இது காமெடி. எனக்குச் சிரிப்பு வரலை. ஏன்னா, நான் அஞ்சாப்பு படிக்கும்போது எங்க வீட்டுல இன்னொரு பூனை இருந்துச்சு. என் ஸ்கூல் பேக்கைக் கிழிச்சிருச்சுன்னு அழுது ஊரைக் கூட்டினது நான்தான். மறுநாள் காலையில சாக்கு ரெடி. சைக்கிள் கேரியர்ல அது கத்திக்கிட்டே போச்சு. வாசல்ல நின்னு பார்த்தேன். ஒரு வாரம் தினமும் சாயங்காலம் கொல்லைக் கதவைத் திறந்து வெச்சேன். வரவே இல்லை. பேக்கை அம்மா தைச்சுக் கொடுத்து ரெண்டு வருஷம் போட்டுக்கிட்டுப் போனேன்.

அதனால இந்த வாட்டி விடுறதா இல்லை. கையில ஆறே நாள்!

பூனை ஏன் பிறாண்டுது?

முதல்ல புரிஞ்சுக்க வேண்டியது... அதுக்கு நம்ம மேல கோபமும் இல்லை, திமிரும் இல்லை. பூனை நகம் வெங்காயம் மாதிரி அடுக்கடுக்கா வளரும். மேல் அடுக்கு பழசானதும் அதைக் கழட்டிப் போட்டாத்தான் உள்ள இருக்கிற கூர்மையான நகம் வெளியே வரும். சோபாவுக்கு அடியில பெருக்கும்போது பிறை நிலா மாதிரி சின்னச் சின்ன ஓடு கிடைச்சா, அது இதுதான். முன்னங்கால் ஒண்ணுக்கு அஞ்சு, பின்னங்கால் ஒண்ணுக்கு நாலு... மொத்தம் 18 நகத்தையும் மெயின்டெயின் பண்ணணும்ல!

ரெண்டாவது, தூங்கி எழுந்ததும் சோம்பல் முறிக்கிறது. முதுகு, தோள், கால்னு மொத்த உடம்பையும் இழுத்து நீட்ட அதுக்கு ஒரு பிடிமானம் வேணும்.

மூணாவதுதான் சூப்பர் மேட்டர். பூனையோட பாதத்துல வாசனைச் சுரப்பி இருக்கு. பிறாண்டுற இடத்துல நம்ம மூக்குக்குத் தெரியாத வாசனையை அது விட்டுட்டுப் போகுது. கோடும் தெரியும், வாசனையும் இருக்கும். க்ளாஸ் பெஞ்ச்ல நம்ம பசங்க காம்பஸ் வெச்சுப் பேரு செதுக்குவாங்கள்ல... அதேதான்! எல்லாரும் உட்கார்ற, எல்லார் வாசனையும் அடிக்கிற இடமாப் பார்த்துத்தான் செதுக்கும். அதனாலதான் மூலையில கிடக்கிற பழைய நாற்காலியை விட்டுட்டு, நடு ஹால் சோபாவுக்கு வருது.

எங்க ஆச்சி இதை ஒரே வரியில முடிச்சுட்டாங்க. ''ஏட்டி, அது நகத்தத் தீட்டாம எப்பிடி இருக்கும்? அதுக்குன்னு ஒரு எடம் குடு. குடுக்காட்டா அதுவா எடுத்துக்கிடும்.''

ஆச்சி சொன்னதுதான் மொத்த சயின்ஸும். பிறாண்டுறதை நிறுத்த முடியாது. இடத்தைத்தான் மாத்த முடியும்.

பிராஜெக்ட் நம்பர் ஒன்... ஃபெயில்!

பழைய ஓட்டு வீட்டைப் பிரிச்சப்போ மிஞ்சின பனங்கட்டை ஒண்ணு கொல்லையில கிடந்துச்சு. அதுல தேங்காய் நார்க்கயிறை இடைவெளி இல்லாம இறுக்கிச் சுத்தினேன். எங்க பக்கம் தென்னந்தோப்புக்குப் பஞ்சம் இல்லை, கயிறும் சல்லிசு. எண்ணெய், சாயம் ஏறாத கயிறாப் பார்த்து வாங்கணும். சோபா துணி மாதிரியே நாருலயும் நகம் மாட்டி இழுபடும். அந்த இழுபடுற சுகம்தான் பூனைக்கு வேணும்.

கட்டைக்கு அடியில ஒரு பலகை அடிச்சு, ஹால்ல நிறுத்தி, கெத்தா நின்னேன். சால்னா வந்துச்சு. மோந்து பார்த்துச்சு. முன்னங்காலைத் தூக்கி வெச்சு ஒரே இழுப்பு... டமால்! கட்டை கீழ, சால்னா பரண் மேல. அன்னைக்கு முழுக்க அது இறங்கவே இல்லை.

இங்கதான் மெக்கானிக்ஸ். கட்டையும் பலகையும் சேர்த்து 5 கிலோ. பலகை 40 சென்டிமீட்டர் அகலம், அதாவது நடுவுல இருந்து ஓரத்துக்கு 20. பூனை கை வைக்கிற உயரம் 75. ஐந்தை இருபதால பெருக்கி எழுபத்தஞ்சால வகுத்தா, 1.3 கிலோ சொச்சம்தான் வருது... கிட்டத்தட்ட அவ்வளவு விசை போதும், கட்டை சாய. சால்னா எடையே 4 கிலோ! ஃபர்ஸ்ட் இயர்ல இந்தக் கணக்கைப் போட்டு மார்க் வாங்கினவதான் நான். வீட்டுக்கு வந்ததும் மறந்துட்டேன்.

ஆட்டுக்கல் ரிட்டர்ன்ஸ்!

கிரைண்டர் வந்ததுல இருந்து எங்க ஆட்டுக்கல் ஓரமா ரிட்டயர்டு ஆகி உட்கார்ந்திருக்கு. எடை எப்படியும் 40 கிலோ. நடுவுல குழி வேற! குழியில கட்டையை நிறுத்தி, சுத்தி மர ஆப்பு அடிச்சு இறுக்கினேன். இப்போ அதே கணக்கைப் போட்டா 10 கிலோவுக்கு மேல வருது. சால்னா தொங்கினாலும் அசையாது. உயரமும் முக்கியம். பூனை பின்னங்கால்ல நின்னு முழுசா நீட்டினா எவ்வளவு எட்டுதோ, அதைவிடக் கொஞ்சம் கூடவே இருக்கணும்.

அடுத்த கேள்வி, எங்க வைக்கிறது? அழகா இல்லைன்னு மூலையில தள்ளினா மொத்த உழைப்பும் வேஸ்ட். ஏற்கெனவே பிறாண்டுற இடத்துக்குப் பக்கத்துலயே இருக்கணும். பழகினதுக்கு அப்புறம் தினமும் கொஞ்சம் கொஞ்சமா நகர்த்திக்கலாம். எங்க கேஸ்ல ஆட்டுக்கல்லை நகர்த்த முடியாதுங்கிறதால, சோபாவை நகர்த்திட்டோம். ஹி... ஹி!

கொல்லையிலயே இருக்கு மயக்க மருந்து!

வெளிநாட்டுல கேட்னிப்னு ஒரு செடியைத் தூவி, பூனையைக் கட்டைக்கிட்ட இழுப்பாங்க. நமக்கு எதுக்கு இம்போர்ட்டட்? நம்ம ஊரு குப்பைமேனி இருக்கே! அதுக்கு 'பூனைவணங்கி'ன்னே இன்னொரு பேர் உண்டு. அந்த வேரைக் கண்டா நிறைய பூனைங்க உரசிப் புரண்டு கும்பிடு போடும். வேரைக் கழுவிக் கயிறுல லேசாத் தேய்ச்சாப் போதும். தின்ன மட்டும் கொடுக்காதீங்க, அந்தச் செடியில விஷத்தன்மையும் இருக்கு. எல்லாப் பூனையும் மயங்கும்னு கேரன்டியும் இல்லை. சால்னா கட்டையைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு ஒரு ஆட்டம் போட்டுச்சு பாருங்க... அப்பாவே டி.வி.யை விட்டுட்டுத் திரும்பிப் பார்த்தார்!

கட்டையில பிறாண்டின அடுத்த நொடியே ஒரு துண்டு அவிச்ச மீன் பரிசு. லேட்டாக் கொடுத்தா எதுக்குன்னு அதுக்குப் புரியாது. அதே சமயம் சோபா கைப்பிடியில ரெண்டு பக்கமும் ஒட்டுற டேப். பாதம் பிசுபிசுன்னு ஒட்டினா பூனைக்குப் பிடிக்காது. புது இடம் இனிக்கணும், பழைய இடம் கசக்கணும். அவ்வளவுதான் டெக்னிக்.

இதெல்லாம் வேண்டாமே ப்ளீஸ்!

* அடிக்கிறது, தண்ணி பீய்ச்சுறது. 'சோபாவைத் தொடக்கூடாது'ன்னு அது கத்துக்காது. 'இவ இருக்கும்போது தொடக்கூடாது'ன்னுதான் கத்துக்கும்.

* பாச்சா உருண்டை, நீலகிரித் தைலம். ரெண்டுமே பூனைக்கு விஷம். மிளகாய்ப்பொடி தூவுறது சுத்தக் கொடுமை.

* நகத்தையே மொத்தமா எடுத்துட்டா என்ன? வெளிநாட்டுல இப்படி ஒரு ஆபரேஷன் இருக்கு. அதுல நகத்தோட சேர்த்து விரல் நுனி எலும்பையும் வெட்டி எடுக்குறாங்க. நம்ம விரலை கடைசிக் கணுவோட நறுக்குற மாதிரி! அமெரிக்காவுல 2003-ல வெஸ்ட் ஹாலிவுட் நகரம் இதைத் தடை பண்ணுச்சு. 2019-ல நியூயார்க் மாநிலம் முழுக்கத் தடை. நம்ம நாட்டு மிருகவதைத் தடுப்புச் சட்டமும் (1960) விலங்கோட உறுப்பைச் சிதைக்கிறதைக் குற்றம்னு சொல்லுது.

அதுக்குப் பதிலா நகத்தை வெட்டி விடலாம். சாப்பிட்டுட்டு தூங்கி வழியும்போது பாதத்தை மெதுவா அழுத்தினா நகம் வெளியே வரும். நுனியில வெள்ளையா இருக்கிறதை மட்டும் வெட்டணும். உள்ள ரோஸ் கலர்ல தெரியுறது ரத்தமும் நரம்பும். அதைத் தொடவே கூடாது. பயமா இருந்தா கால்நடை மருத்துவமனைக்குத் தூக்கிட்டுப் போங்க. அப்படியே வெறிநோய்த் தடுப்பூசியும் போட்டுருங்க. உங்களைப் பிறாண்டி ரத்தம் வந்தா, 15 நிமிஷம் சோப்பும் ஓடுற தண்ணியுமாக் கழுவிட்டு உடனே டாக்டரைப் பாருங்க. 'வீட்டுப் பூனைதானே'ன்னு விட்டுராதீங்க.

அப்போ ஞாயித்துக்கிழமை?

வந்துச்சு. அப்பா நிஜமாவே ஒரு சணல் சாக்கை எடுத்துட்டு வந்து ஹால்ல போட்டார். எனக்குத் தொண்டை அடைச்சிருச்சு. அதே 1960 சட்டத்துல, பசியிலயும் தாகத்துலயும் தவிக்கும்படி ஒரு விலங்கை அம்போன்னு விட்டுட்டு வர்றதும் குற்றம்னு பேச ஆரம்பிச்சேன். அப்பா என்னைப் பார்க்கலை, தரையையே பார்த்துக்கிட்டு இருந்தார். திரும்பினா... சால்னா அந்தச் சாக்கு மேலேயே குப்புறப் படுத்து 'பர்ர்ர்... பர்ர்ர்'னு பிறாண்டிக்கிட்டு இருக்கு! சில பூனைங்களுக்கு நட்டுக்க நிக்கிற கட்டை மட்டும் போதாது, தரையிலயும் ஒண்ணு வேணும். அது எனக்குத் தோணவே இல்லை.

''சரி, கெடக்கட்டும்''னார் அப்பா. சாக்கு இன்னும் ஹால்லதான் கிடக்கு. அப்புறம் ரெண்டு தடவை சோபாவுலயும் கை வெச்சிருக்கு. அம்மா கிழிசல் மேல ஒரு துண்டைப் போட்டு மூடிட்டாங்க. அப்பா ஒண்ணும் சொல்லலை.

லீவு முடிஞ்சு கிளம்பும்போது ஆச்சிகிட்ட மட்டும் கேட்டேன், ''ஆச்சி, அந்தப் பழைய பூனைக்கும் ஒரு கட்டை வெச்சிருந்தா இருந்திருக்கும்ல?''

''இருந்திருக்கும். அப்ப நமக்குத் தெரியலை''ன்னாங்க.

இப்போ தெரிஞ்சிருச்சு மக்களே. உங்க வீட்டுலயோ, வாடகை ரூம்லயோ யாராச்சும் சாக்கைத் தேடினாங்கன்னா, முதல்ல ஒரு கட்டையைத் தேடிக் கொடுங்க.

அடுத்த வாரம் பார்ப்போம். அரியர் ரிசல்ட் பத்தி மட்டும் கேட்காதீங்க!