பத்து வெள்ளியும் ஒரு கதவும்

ஆளில்லாக் கடை ஒன்றுக்கு அம்மாவுடன் போனேன். அவர் கையில் பத்து வெள்ளி நோட்டு. நுழைவாயில் கேட்டதோ வங்கி அட்டை. “காசு இருந்தும் உள்ள விடாதாமா?” என்றார்.

காரணம் இதுதான்: அட்டையைச் சரிபார்த்த பிறகே கதவு திறக்கும். நாம் எடுக்கும் பொருள்களைக் கேமராக்களும் அலமாரியிலுள்ள எடை உணரிகளும் கணக்கிடும். வெளியேறியதும் அட்டையில் பணம் கழியும்.

என் அட்டையைத் தட்டி அவரையும் அழைத்துப்போனேன். வெளியே வந்ததும் அந்த நோட்டை என் கையில் திணித்தார். நான் இல்லாத நாளில் என்ன செய்வார்?

அமெரிக்காவில் 2018இல் தொடங்கிய அமேசான் கோ கடைகளும் ரொக்கம் வாங்கவில்லை. விமர்சனம் எழவே, 2019இல் நியூயார்க் கிளையில் வாங்கத் தொடங்கினார்கள். இங்கும் அப்படியொரு வழி வைக்கலாமே?