மாறுகண் சத்திரசிகிச்சைக்குப் பின்

மாறுகண் அதிர்ஷ்டக்கண் என்னும் பேச்சு தோட்டத்து லயங்களில் மட்டுமன்று, படித்தோர் வீடுகளிலும் உலவுகின்றது. அப்பேச்சை நம்பி வைத்தியரிடம் செல்லாதோர் ஒருபாலாக, சத்திரசிகிச்சை பெற்றபின் கவனிப்பாரற்றுப் போகும் சிறார் குறித்தே ஈண்டு எழுதத் துணிந்தோம். நோட்டன் பிரிட்ஜ் போன்ற மலைத்தோட்டங்களிலிருந்து கண்டிக்கோ கொழும்புக்கோ மீண்டும் மீண்டும் செல்வதென்றால், வழிச்செலவோடு கொழுந்து பறிக்கும் தாயின் அன்றைய சம்பளமும் போகும். கண் நேரானதும் காரியம் முடிந்ததென அவள் எண்ணுவதைக் குறைகூற எமக்கு மனம் வரவில்லை. ஆயின் காரியம் முடிவதில்லை.

1839இல் பெர்லின் நகரில் டீஃபன்பாக் என்னும் சத்திரவைத்தியர், 7 வயதுச் சிறுவனொருவனின் கண்ணை மூக்குப்புறம் இழுத்த தசையை வெட்டி மாறுகண்ணைத் திருத்தினார். அம்முறை விரைந்து பரவியது. பின்னர், உட்சாய்ந்திருந்த கண்கள் பல வெளிச்சாயக் கண்டனர்! இக்காலத்தார் தசையை அறவே வெட்டிவிடாது இடம்மாற்றித் தைக்கின்றனர். எனினும் இரு கண்ணின் காட்சியையும் ஒன்றாக்க மூளை பழகாவிடின், நேரான கண் பல்லாண்டு கழித்தும் விலகலாம். சிறுவயதில் இல்லாத இரட்டைக்காட்சி வளர்ந்தபின் தோன்றுவதுமுண்டு.

இதனை ஐயுறுதற்கு ஆசிரியரே போதும். பிள்ளை தூரப் பொருளொன்றை நோக்கியிருக்க ஒரு கண்ணை மறைத்தால், மற்றக்கண் அசைந்து நிலைகொள்கின்றதா என்று பார்க்க. டோர்ச் ஒளிப்புள்ளி இரு கண்மணியிலும் ஒத்த இடத்தில் விழுகின்றதா என்றும் நோக்குக. தலை சாய்த்து வாசிப்பதும் ஓர் அறிகுறியே. விலகலின் அளவை வைத்தியர் பட்டகக் கண்ணாடிகளால் அளப்பர். தலைவலியோடு திடீரெனக் கண் விலகின் ஒருநாளும் தாமதித்தலாகாது.

பரிகாரம் எப்போதும் கத்தியன்று. சிலருக்கு மூக்குக்கண்ணாடியே போதும். சிலருக்குப் பட்டகம் பொருத்திய கண்ணாடி வேண்டும். சிலருக்கு மறு சத்திரசிகிச்சை. அது முதல் வைத்தியரின் தோல்வியன்று. சோம்பிய கண்ணுக்கோ சத்திரசிகிச்சை பார்வை தராது. நல்ல கண்ணை நாள்தோறும் சில மணிநேரம் மறைத்து, சோம்பிய கண்ணை உழைக்கச் செய்தல் வேண்டும். 7, 8 வயதுக்கு முன் செய்வதே பெரும்பயன் தரும். வகுப்பிலெழும் நகைப்புக்கு அஞ்சிப் பிள்ளை அம்மறைப்பைக் கழற்றியெறியாது காப்பது ஆசிரியர் கடன்.

மலைநாட்டிற் கற்பிக்கும் எம் பழைய மாணவரிடம் மேலும் ஒன்று வேண்டுகின்றோம். எக்கண்ணில் எத்தசை திருத்தப்பட்டதென்னும் குறிப்பு மறு சிகிச்சைக்கு மிகவும் உதவும். மழையொழுகும் லயத்தறையில் அத்தாள் நெடுநாள் தங்காது. அதன் பிரதியொன்றைப் பிள்ளையின் பழைய நிழற்படத்தோடு பாடசாலை அலுமாரியில் வைத்திருங்கள்.