சாயமும் படைப்பும்

"உருவம் தீட்டுவோன் அல்லாஹ்வோடு போட்டியிடுகிறான், அதைக் கண்டு ரசிப்பதும் பாவமே!" மதுரையில் நம்மவர் கூடும் இடங்களில் ஓவியப் பேச்சு எழுந்தால் இத்தீர்ப்பே வந்து விழுகிறது. தீர்ப்பு வழங்குவோர் விருந்துண்ட திருமண மண்டபத்தின் வாசலிலோ, மாப்பிள்ளை முகமும் மாமனார் முகமும் ஆளுயரப் பதாகையாய்ச் சிரித்துக் கொண்டிருக்கும். அதை இறக்குங்கள் என எவரும் சொன்னதில்லை.

விலக்கை நான் மறுக்கவில்லை. ஓதிக் கொடுப்பவனால் மறுக்கவும் இயலாது. ‘அல் முஸவ்விர்’, உருவமளிப்பவன் என்பது இறைவனின் திருநாமம். அவன் படைப்புக்கு ஒப்பாகப் படைக்க முனைவோரை ஹதீஸ் கடுமையாக எச்சரிக்கிறது. ஓவியத்தால் பிழைத்த ஒருவரிடம், மரங்களையும் உயிரற்றவற்றையும் வரையுமாறு இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் கூறினார்கள். நான் கேட்பது ஒன்றே: படைப்புக்கு ஒப்பாக நிற்க முனைவது எந்தப் படம்?

எம்.எஃப். ஹுஸைன் 1955இல் தீட்டிய ‘ஜமீன்’ என்னும் நீண்ட எண்ணெய் வண்ண ஓவியம், டெல்லி தேசிய நவீனக் கலைக்கூடத்தில் உள்ளது. கிராமத்து மாந்தரும் கால்நடைகளும் அதில் நிறைந்துள்ளனர். பெரியாற்றுத் தண்ணீர் பாயும் மேலூர் வயலில் குனிந்து நாற்று நடுவோரைக் கண்டவர்க்கு அவ்வுடல்களின் உழைப்பு அந்நியமன்று. ஆயினும் அவ்வுருவங்கள் உயிருள்ளவைபோல் நடிப்பதில்லை. கோடு கோடாகவே நிற்கிறது. வண்ணம் தன் தடிப்பையும் தூரிகைத் தடத்தையும் மறைக்காமல், ‘நான் துணிமேல் பூசிய சாயமே’ என ஒப்புக் கொள்கிறது. இது போட்டியா, பணிவா?

பின்னாளில் அன்னை தெரசாவைத் தீட்டியபோது அவர் முகத்தை வரையாமலே விட்டார். நீலக்கரை வெள்ளைச் சேலையின் மடிப்புகளே தாய்மையைச் சொல்லின. மழலைப் பருவத்திலேயே தாயை இழந்து, அம்முகத்தை நினைவிற் காணாதவர் அவர். தலை நீக்கப்பட்ட உருவம் மரத்தைப் போன்றதாகிவிடும் என்னும் ஹதீஸை ஆலிம்கள் அறிவர். முகமில்லா உருவத்துக்கும் அதுவே சட்டம் என நான் ஃபத்வா வழங்கவில்லை. சிந்திக்க இடமுண்டு என்கிறேன். ஹுஸைன் வரைந்த யாவும் ஏற்கத்தக்கவை என்பதும் என் வாதமன்று.

பதாகையோ மையை மறைத்து, தோலின் பளபளப்பையும் காட்டி, மனிதன் தானே நிற்பதாக நம்பச் செய்கிறது, பெருமைக்காகவே தொங்குகிறது. அதற்கு மௌனம், கரித்துண்டால் சுவரில் ஓர் உழவனை வரைந்த நம் வீட்டுப் பிள்ளைக்கோ அடி! அடிபட்ட கை பிறகு எதையும் வரையாது. செல்பேசியில் தன் முகத்தையே நாளெல்லாம் படம் பிடித்துக் கொண்டிருக்கும்.

படம் கூடாது என்போர் முதலில் பதாகையை இறக்கட்டும். இறக்க மனமில்லாதோர், ஓவியத்தின் அருகே சென்று, சாயம் படிந்த விதத்தைக் கண்ணாரக் கண்டபின் பேசட்டும். காணாமல் வழங்கும் தீர்ப்பு, சாட்சியை விசாரிக்காத காஜியின் தீர்ப்பேயாகும்.